கருவேலங்காட்டுப் புள்ளிமான்களின் கொம்பு பெருக்க என்ன செய்யலாம்?

நரிப்பையூர்க்காரன் எழுதியது:

வணக்கம். கால்நடையையும் காட்டையும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். எங்கள் ஊருக்கு வடக்கே பனையும் சீமைக்கருவேலமும் அடர்ந்த தரிசில் ஒரு புள்ளிமான் கூட்டம் தங்கியிருக்கிறது. விடியற்காலையில் ஊருணிப் பக்கம் தண்ணீருக்கு வரும். பெண் மான்கள் ஓரளவு தேறித்தான் இருக்கின்றன. ஆண் மான்களின் கொம்பைப் பார்த்தால்தான் மனது கனக்கிறது. குட்டையாகவும் மெலிந்தும் இருக்கிறது. சிலவற்றுக்கு மேல் கிளையே சரியாகப் பிரியவில்லை.

என் மைத்துனர் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே பண்ணைகளில் இதே புள்ளிமான் வளர்கிறது. அவர் அனுப்பிய படங்களில் கொம்பு ஒரு மனிதனின் கை நீளம் இருக்கிறது. தீவனம், தாது உப்பு, வயது பார்த்துக் கூட்டத்திலிருந்து கழிப்பது என்று அங்கே கணக்காகச் செய்கிறார்களாம். நாங்கள் பனங்காடு வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து பருத்திக்கொட்டையும் உப்புக்கட்டியும் வைக்கலாமா என்று யோசிக்கிறோம். விற்கவோ வேட்டையாடவோ அல்ல. நம் ஊர் மான் நல்ல மானாக நிற்க வேண்டும் என்ற ஆசைதான். வழி சொல்லுங்கள்.

முகவை வழக்கறிஞர் எழுதியது:

தம்பி, ஆசை நல்லது. ஆனால் தீவனத் தொட்டியை இறக்குவதற்கு முன் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டிக்கொண்டு போவது, இரை வைத்து இழுப்பது எல்லாமே அதற்குள் அடங்கும். உங்கள் எண்ணம் சுத்தமானதாக இருக்கலாம். காட்டு ஓரத்தில் தினமும் பருத்திக்கொட்டை கொட்டிவைத்து, அங்கே வந்த மானை வேறொருவன் சுட்டுவிட்டால் முதல் விசாரணை உங்களிடம்தான் நடக்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

உதிர்ந்த கொம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டில் கிடந்ததுதானே என்று எடுத்துவந்து வீட்டில் மாட்டாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். கண்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். டெக்சாஸில் நிலத்துக்காரர் வேலி போட்டு, உரிமம் வாங்கி, மானை வளர்க்கலாம், விற்கலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை.

பரமக்குடிக் கால்நடை மருத்துவர் எழுதியது:

நான் பரமக்குடியில் பிறந்து, இப்போது தெற்கு டெக்சாஸில் மான் பண்ணைகளுக்குத் தீவன ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதத் தோன்றியது. ஏனென்றால் இரண்டு நிலங்களுக்கும் இருக்கிற ஒற்றுமை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தெற்கு டெக்சாஸின் லாரெடோ பக்கத்துப் புதர்க்காட்டில் நிற்கும் முக்கிய மரம் மெஸ்கீட். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அது. இலையும் முள்ளும் நெற்றும் அச்சு அசல். கீழே சப்பாத்திக்கள்ளி. மழை வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. முதுகுளத்தூர்க்காரரைக் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டால் வழி கேட்காமல் நடந்துவிடுவார்.

முதலில் கொம்பு எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது வாழ்நாள் முழுவதும் தலையில் நிற்கும் கொம்பு; எலும்பின் மேல் நகம் போன்ற பொருள் உறையாக மூடியிருக்கும். மானின் கொம்பு முழுக்க எலும்பு. அது ஆண்டுதோறும் முழுதாக உதிர்ந்து, நெற்றி மேட்டிலிருந்து மறுபடி முதலிலிருந்து வளர வேண்டும். வளரும்போது மெல்லிய ரோமத் தோல் போர்த்தியிருக்கும். அதற்குள் இரத்தம் ஓடும், தொட்டால் சூடு தெரியும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் உறுப்பு வேறில்லை என்றே சொல்லலாம். எல்க் போன்ற பெரிய மான்களில் உச்ச வளர்ச்சியின்போது ஒரு நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். தின்னும் தீவனத்தால் மட்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் மான் தன் விலா எலும்பிலிருந்து சுண்ணாம்பையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கரைத்துக் கொம்புக்கு அனுப்புகிறது. பிறகு தின்று அந்தக் கடனை அடைக்கிறது. எலும்பில் இருப்பு இல்லாத மானால் கொம்புக்கு எதைக் கொடுக்க முடியும்?

அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கு இந்தச் சுழற்சி பகல் நீளத்தைப் பார்த்து ஓடுகிறது. வசந்தத்தில் தொடங்கி, கோடை முடிவில் தோல் உரிந்து, குளிர்காலம் கழிந்து உதிரும். நம் புள்ளிமான் அப்படிக் கட்டுப்பட்டதல்ல. ஒரே கூட்டத்தில் ஒன்று உதிர்த்திருக்கும், ஒன்று தோல் போர்த்திருக்கும், இன்னொன்று கெட்டிக் கொம்போடு முட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நீங்கள் பார்த்த குட்டைக் கொம்புகளில் சில, வளர்ந்து முடியாதவையாகவே இருக்கலாம். ரோமத் தோல் இருக்கிறதா, நுனி உருண்டையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்த கொம்பின் நுனி கூராகவும் வெளுப்பாகவும் இருக்கும்.

பண்ணைக்காரர்கள் எல்லாரும் சொல்வது வயது, தீவனம், வம்சம் என்ற மூன்றை. என் அனுபவத்தில் இந்த மூன்றும் சம எடை கொண்டவை அல்ல. வயதுக்கு ஈடாக எதுவும் நிற்காது. வெள்ளைவால் மானுக்குக் கொம்பு உச்சத்தைத் தொடுவது ஐந்து முதல் ஏழு வயதில். ஒன்றரை வயதில் அதன் கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். புள்ளிமானுக்கும் நாலைந்து வயதாவது ஆக வேண்டும். டெக்சாஸில் பெரிய கொம்பு கிடைப்பதன் முதல் காரணம் தீவன மூட்டை அல்ல. இளம் ஆண் மானைச் சுடாமல் விடுகிறார்கள். அது வாழ்ந்து முதிர்கிறது.

தீவனத்தில் முக்கியமானது புரதம். டெக்சாஸ் அரசின் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1970களில் தொடங்கி மான்களுக்கு 16 சதவீதப் புரதமும் 8 சதவீதப் புரதமும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறைந்த புரதம் தின்றவற்றின் உடலும் கொம்பும் சிறுத்துப்போயின. அதிலிருந்துதான் பதினாறு என்ற எண் பண்ணைக்காரர்கள் வாயில் நின்றுவிட்டது. பருத்திக்கொட்டையும் அங்கே கொடுக்கிறார்கள். புரதமும் எண்ணெயும் நிறைந்தது, காட்டுப்பன்றி அதிகம் தொடாது என்பது அதில் வசதி. ஆனால் அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் அளவு மீறினால் ஆணின் விந்து வளத்தைக் கெடுக்கும். அதனால் இணைசேரும் பருவத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். புள்ளிமானுக்கு அப்படித் தனிப் பருவம் கறாராக இல்லாததால் எந்த மாதம் நிறுத்துவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. வழக்கறிஞர் சொன்னதோடு இதையும் சேர்த்துப் பார்த்தால், பருத்திக்கொட்டை யோசனையை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

கிடைக்காரர் மகன் எழுதியது:

மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்தேன். என் தகப்பனார் கீதாரி, ஆட்டுக்கிடை நடத்துகிறவர். கமுதி, கடலாடி, சாயல்குடி என்று கிடை போட்டே வளர்ந்தவன் நான். மானைப் பற்றி எனக்குப் படிப்பு கிடையாது. ஆட்டைப் பற்றிச் சொல்கிறேன், பொருந்துமா என்று பாருங்கள்.

கிடாய்க்குக் கொம்பு நன்றாக முறுக்கி வர வேண்டுமென்றால் கிடாயைப் பார்க்காதே, அதன் தாயைப் பார் என்பார் என் தகப்பனார். சினை ஆடு சித்திரை, வைகாசியில் காய்ந்த தட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தால், பிறக்கும் குட்டியின் எலும்பு மெலிந்தே இருக்கும். அந்தக் குட்டிக்குப் பிறகு எவ்வளவு புல் போட்டாலும் முதல் தரக் கிடாய் ஆகாது. மழை கண்ட ஆண்டில் சினை பிடித்து, பச்சை இருக்கும்போது ஈன்ற குட்டி தனியாகத் தெரியும். கூட்டத்துக்குள் தூரத்திலிருந்தே கை காட்டிச் சொல்லலாம்.

இன்னொன்று. சிறு வயதிலேயே காயடித்த கிடாய்க்குக் கொம்பு வளராமல் நின்றுவிடும். மானுக்கும் அப்படித்தானா?

எங்கள் பக்கம் ஆடுகள் எலும்பைக் கடிக்கும். செத்த மாட்டின் எலும்பு கிடந்தால் வாயில் வைத்து அரைத்துக்கொண்டே நிற்கும். மானும் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். உதிர்ந்த கொம்பில்கூட ஏதோ கடித்த தடம் இருக்கும்.

பரமக்குடிக் கால்நடை மருத்துவர் எழுதியது:

தம்பி, உங்கள் தகப்பனார் சொன்னது ஆராய்ச்சியில் உறுதிப்பட்ட விஷயம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் மலைப்பகுதி மான்களுக்குக் கொம்பு சிறியது, கிழக்குச் சமவெளி மான்களுக்குப் பெரியது. வம்சம்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். மலைப்பகுதியில் சினைப்பட்ட தாய்களின் குட்டிகளை எடுத்து, சமவெளி மான்களுக்குக் கொடுத்த அதே நல்ல தீவனத்தைக் கொடுத்து வளர்த்தார்கள். அந்தக் குட்டிகள் வளர்ந்தும் கொம்பு சிறியதாகவே இருந்தது. ஆனால் நல்ல தீவனத்திலேயே வளர்ந்த தாய்களுக்குப் பிறந்த அடுத்த தலைமுறை சமவெளி மான்களை எட்டிப் பிடித்துவிட்டது. வம்சத்தில் குறை இல்லை. தாய் பட்ட பசி மகனின் தலையில் தெரிந்தது. கொம்பு பெருக வேண்டுமென்றால் பெண் மானின் வயிற்றை நிரப்புங்கள் என்று நான் பண்ணைக்காரர்களிடம் ஓயாமல் சொல்வது இதனால்தான். பலர் காதில் ஏறுவதில்லை. ஆண் மானின் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காயடிப்பது பற்றிக் கேட்டீர்கள். மானுக்கு இன்னும் விசித்திரம். கெட்டிக் கொம்பு இருக்கும்போது காயடித்தால் சில வாரங்களில் கொம்பு உதிர்ந்துவிடும். தோல் போர்த்திருக்கும்போது செய்தால் அந்தத் தோல் உரியவே உரியாது; கொம்பு கெட்டிப்படாமல் அப்படியே நிற்கும். ஆண் சுரப்புநீர் ஏறினால் கெட்டிப்படும், இறங்கினால் உதிரும் என்பதே இதன் சூட்சுமம். காயடிக்காமலே இது நடப்பதுண்டு. கம்பிவேலியிலோ நாய்க்கடியிலோ விரையில் அடிபட்ட ஆண் மானுக்குக் கொம்பு கோணலாக, உரியாத தோலோடு நிற்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அது நோயும் அல்ல, வம்சக் குறையும் அல்ல.

எலும்பு கடிப்பது மணிச்சத்துக் குறைவின் அடையாளம். கரிசல் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. மணிச்சத்து மண்ணில் இருந்தாலும் அந்தச் சுண்ணாம்போடு கட்டுண்டு, வேருக்கு எட்டாமல் போய்விடும். செடியில் இல்லாதது ஆட்டுக்கும் மானுக்கும் எப்படிக் கிடைக்கும்? அதனால்தான் உதிர்ந்த கொம்பு காட்டிலேயே கிடக்க வேண்டும் என்கிறேன். முள்ளம்பன்றியும் எலியும் மானும் அதைக் கடித்துத் தின்னும். சட்டம் சொல்கிறதோ இல்லையோ, அந்தக் கொம்பு அந்த மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும்.

முதுகுளத்தூர் விவசாயி எழுதியது:

எல்லாரும் மானுக்குத் தீவனம், தாய்க்குத் தீவனம் என்று எழுதுகிறீர்கள். நான் கேட்கிறேன்: ஏற்கெனவே எங்கள் உளுந்தையும் பருத்தித் துளிரையும் தின்றுதானே இந்த மான்கள் வாழ்கின்றன? ஐப்பசியில் விதைத்து, முளை வந்ததும் இரவெல்லாம் டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்கிறோம். மானின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது வாயில்லாச் சீவன். ஆனால் கூட்டம் பெருகினால் அதன் செலவு என் வயலில் விழுகிறது. கொம்பு பெரிதாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என் வயலுக்கு வேலியும் போட்டுத் தரட்டும்.

மானாவாரி நிலம் எங்களுடையது. ஒரு தடவை முளை போனால் மறு விதைப்புக்கு மழை காத்திருக்காது.

பரமக்குடிக் கால்நடை மருத்துவர் எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் கேள்விதான் இந்த விவாதத்திலேயே கனமான கேள்வி. மான் மேலாண்மை செய்கிற எந்த நாட்டிலும் முதல் விதி இதுதான்: நிலம் தாங்குகிற அளவுக்கு மேல் கூட்டம் பெருகக்கூடாது. பெருகினால் கொம்பு சிறுக்கும். டெக்சாஸில் பெண் மான்களையும் கணக்காக வேட்டையாட அனுமதிப்பது இதற்காகத்தான். இருக்கிற இலை தழையைக் கூட்டம் பெருத்து ஆளுக்கொரு வாய் பங்கு போட்டுக்கொண்டால் யாருக்கும் எலும்பு தேறாது. ஆகவே கூட்டத்தைப் பெருக்கும் தீவன முறை கொம்புக்கும் எதிரி, உங்கள் உளுந்துக்கும் எதிரி. இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம்.

தீவனத் தொட்டியில் இன்னொரு ஆபத்து நோய். அமெரிக்காவில் மான்களை நலியவைத்துக் கொல்லும் ஒரு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. புரதம் மடிப்பு மாறிப்போவதால் வரும் நோய் அது, மருந்து கிடையாது, நோய்ப்பொருள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். டெக்சாஸில் 2012இல் காட்டு மானிலும், 2015இல் பண்ணை மானிலும் கண்டறிந்தார்கள். பண்ணையிலிருந்து பண்ணைக்கு, கொம்புக்காக விலைக்கு வாங்கிய மான்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோன பழக்கம் எவ்வளவு கெடுதல் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. நம் ஊரில் கவலைப்பட வேண்டியது கோமாரி. ஒரே தொட்டியில் ஆடும் மாடும் மானும் வாய் வைத்தால் யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

வம்சம் பற்றி ஒரு வார்த்தை. கொம்பு சிறுத்த ஆண்களைக் கழித்துவிட்டால் வம்சம் தேறும் என்று அங்கேயும் நெடுங்காலம் நம்பினார்கள். தெற்கு டெக்சாஸில் கமான்சி என்ற பெரிய பண்ணையில் ஆண்டுக்கணக்கில் ஆண் மான்களைப் பிடித்து, அளந்து, குறைந்தவற்றைக் கழித்துப் பார்த்தார்கள். திறந்த காட்டில் வாழும் கூட்டத்தில் அதனால் முன்னேற்றம் வரவில்லை. காரணம் யோசித்தால் விளங்கும். பாதி வம்சம் தாயிடமிருந்து வருகிறது. தாய்க்குக் கொம்பு இல்லை, அவள் எதைச் சுமக்கிறாள் என்று எப்படிப் பார்ப்பது? சிறுத்த கொம்பு வம்சத்தாலா, பஞ்சத்தாலா, வயதாலா என்று தூரத்திலிருந்து பிரிக்கவும் முடியாது. நாளை நல்ல மானாக வளர வேண்டியதை இன்று கழித்துவிடும் ஆபத்துதான் அதிகம்.

கீழக்கரை எழுதியது:

வெள்ளாமையும் தெரியாது, மருத்துவமும் தெரியாது. கடலோரத்தில் தோப்பு இருக்கிறது, மான் வரும். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதல் விஷயம் தண்ணீர். பங்குனி தாண்டினால் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர்த்துவிடும். மான் உப்புக்காகத் தவிக்கிறது என்று உப்புக்கட்டி வைக்க நினைக்கிறீர்கள், தம்பி. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்புக்கு என்ன குறை? மண்ணை நக்கினாலே உப்பு. இங்கே குறைவது நல்ல தண்ணீர். வெயில் காலத்தில் மான் ஊருக்குள் வருவது எங்கள் வாழைக்காக இல்லை, நல்ல தண்ணீர் ஊருணிக்காகத்தான். அப்படி வரும்போதுதான் சாகிறது.

இரண்டாவது விஷயம் நாய். இறைச்சிக் கழிவும் மீன் கழிவும் ஊருக்கு வெளியே கொட்டுகிற இடத்தில் கூட்டம் கூட்டமாக நாய்கள். தோல் போர்த்த கொம்போடு வேலிக்குள் மாட்டிக்கொண்ட ஆண் மானை நாய்கள் கிழித்துப்போட்டதை என் வாப்பா காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலைந்து வயது வாழ்ந்தால்தான் கொம்பு வரும் என்று மருத்துவர் எழுதினார். இங்கே எந்த மான் அந்த வயதைப் பார்க்கிறது?

இன்னும் ஒரு சந்தேகம். கொரியாவில் மான் கொம்பை மருந்துக்கு வாங்குகிறார்களே, அது எந்தக் கொம்பு?

பரமக்குடிக் கால்நடை மருத்துவர் எழுதியது:

கீழக்கரைக் காக்கா, அது கெட்டிப்படாத, தோல் போர்த்த கொம்பு. நியூசிலாந்தில் சிவப்பு மானைப் பண்ணையில் வளர்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, வளரும் நிலையிலேயே அறுத்துக் கொரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே அது முறையான தொழில். நம் நாட்டுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

நீங்கள் எழுதிய இரண்டு விஷயமும் நான் எழுதிய அத்தனையையும்விட முக்கியம். குறிப்பாக நாய். கொம்பு முளைக்கும் மாதங்களில் ஆண் மானுக்கு ஓடிப் பழகிய தைரியம் குறைந்திருக்கும். புதருக்குள் இழுபட்டால் கொம்பு வலிக்கும், இரத்தம் வரும். அந்த நேரத்தில் துரத்தப்பட்டு உயிர் பிழைத்தாலும், துரத்தலில் செலவழிந்த உடம்பு கொம்பில் குறைவாகத் தெரியும்.

நரிப்பையூர்க்காரன் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சீமைக்கருவேலம் பற்றி யாராவது சொல்லுங்கள். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊரில் ஒரு பக்கம் வெட்டினார்கள், பிறகு நின்றுவிட்டது. மான் அந்த நெற்றைத் தின்றுதான் கோடையைக் கடக்கிறது. வெட்டினால் மான் என்ன ஆகும்? விட்டால் கண்மாய் என்ன ஆகும்?

கிடைக்காரர் மகன் எழுதியது:

நெற்று இனிப்பு. ஆடு விரும்பித் தின்னும், கொழுக்கவும் செய்யும். ஆனால் அதை மட்டுமே தின்ற ஆடு நாளடைவில் சோர்ந்துவிடும். உடைமர நெற்று தின்ற ஆட்டின் பாலும் குட்டியும் வேறு மாதிரி. சங்கஞ்செடி, இலந்தை, வெள்வேல் எல்லாம் கலந்து மேய்ந்தால்தான் ஆடு ஆடாக இருக்கும். கருவேலம் அடர்ந்த இடத்தில் கீழே ஒரு புல் முளைக்காது. கிடை போட வருகிறவர்கள் அந்தக் காட்டை ஒதுக்கிவிட்டுப் போவது அதனால்தான்.

பரமக்குடிக் கால்நடை மருத்துவர் எழுதியது:

சரியாகச் சொன்னார். பிரேசிலில் இந்த மர வகையின் நெற்றை மட்டுமே நீண்ட நாள் தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை செயலிழந்து, வாய் கோணி, மெல்ல முடியாமல் போன நோய் பதிவாகியிருக்கிறது. கலந்து தின்றால் நல்ல கோடைத் தீவனம், தனியாகத் தின்றால் கேடு. டெக்சாஸ் மெஸ்கீட் காட்டில் மான் கொழுப்பதற்குக் காரணம் மெஸ்கீட் மட்டுமல்ல. இடையிடையே வெட்டவெளி இருக்கிறது. மழை பெய்தால் அங்கே அகன்ற இலைப் பூண்டுகள் (புல் அல்லாத சிறுசெடிகள்) முளைக்கின்றன. கொம்புக்கான புரதம் பெரும்பாலும் அந்தப் பூண்டிலிருந்துதான் வருகிறது. மழை பொய்த்த ஆண்டில் அங்கேயும் கொம்பு சிறுக்கும். மூட்டை மூட்டையாகத் தீவனம் வைத்தும் மழையை முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை.

ஆகவே முழுதாக மழிப்பதும் வேண்டாம், அப்படியே விடுவதும் வேண்டாம். உங்கள் பட்டாவில், உங்கள் பனங்காட்டில், கருவேலத்தை இடைவெளி விட்டு வேரோடு எடுங்கள். வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து மறுபடி தழையும். எடுத்த இடத்தில் உடை, இலந்தை, வேம்பு தானாக வந்தால் ஆடு மேய்க்காமல் ஓரிரு மழைக்காலம் காவல் காத்துக்கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூண்டு பிடிக்கும். வயலுக்குத் தூரமாகப் பச்சை இருந்தால் முதுகுளத்தூர் அண்ணாச்சியின் உளுந்துக்கும் அது கொஞ்சம் நிம்மதி. உங்கள் சொந்த நிலத்தில் மரம் வைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை என்று நினைக்கிறேன், வழக்கறிஞர் சொல்லட்டும்.

முகவை வழக்கறிஞர் எழுதியது:

பட்டா நிலத்தில் தாராளமாகச் செய்யலாம். கண்மாய், புறம்போக்கு என்றால் அனுமதி இல்லாமல் ஒரு தூரையும் தொடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டுமென்றால் வனத்துறைக்கு ஊராட்சி மூலம் மனு கொடுங்கள். அவர்கள் இடம் பார்த்து வைத்தால் உங்கள் மேல் எந்தப் பழியும் வராது. கழிவு கொட்டும் இடத்தை மாற்றுவதும் நாய்களுக்குக் கருத்தடை செய்வதும் உள்ளாட்சியின் பொறுப்பு. கிராமசபையில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது. மனுவை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

முதுகுளத்தூர் விவசாயி எழுதியது:

வயலுக்குத் தூரத்தில் பச்சையும் தண்ணீரும் என்றால் எனக்குச் சம்மதம். மனுவில் பயிர்ச்சேத இழப்பீட்டையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் வழக்கறிஞர் ஐயா. கையெழுத்துப் போட எங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டி வருகிறேன்.

நரிப்பையூர்க்காரன் எழுதியது:

நன்றி அண்ணாச்சி. பருத்திக்கொட்டையை விட்டுவிட்டோம். நாய், தண்ணீர், மரம் இந்த மூன்றுக்கும் வேலை தொடங்குகிறோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம். இதனால் பலன் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மானைப் பிடித்து அளக்க முடியாது. தூரத்திலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். படத்தை வைத்து ஆண் மானின் வயதைச் சொல்ல முடியுமா?

பரமக்குடிக் கால்நடை மருத்துவர் எழுதியது:

ஆண்டுக்கணக்கைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இளசு, நடு வயது, முதிர்ந்தது என்று பிரிக்கலாம். உங்களுக்கு அது போதும். கழுத்தைப் பாருங்கள். இளசுக்குக் கழுத்து மெலிந்து தலையோடு தனியாக நிற்கும். முதிர்ந்ததற்குக் கழுத்து தடித்து மார்போடு ஒன்றாகிவிடும், முகமும் கழுத்தும் கறுத்திருக்கும். அடுத்து, கொம்பு தலையில் பொருந்தும் மேட்டைப் பாருங்கள். இளசுக்கு அது உயரமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஒவ்வொரு தடவை உதிரும்போதும் கொஞ்சம் எலும்பு போவதால் வயது ஏற ஏற மேடு குட்டையாகி அகலும். கொம்பின் நீளத்தை வைத்து மட்டும் வயது சொல்லாதீர்கள். மிகவும் கிழமான மானுக்கும் கொம்பு சிறுத்துக் கோணலாகும்.

ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதத்தில், ஒரே ஊருணிக் கரையில், பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். பெண் மான்களையும் விடாமல் எடுங்கள்; விலா எலும்பு தெரிகிறதா, குட்டி கூடவே நிற்கிறதா என்று குறியுங்கள். கூட்டத்தில் முதிர்ந்த ஆண் மான்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பதே நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு. கொம்பில் மாற்றம் தெரிய, இப்போது தாய் வயிற்றில் இருக்கும் குட்டி வளர்ந்து நாலைந்து வயதாக வேண்டும். படங்களை இந்த இழையிலேயே போடுங்கள், ஆனால் இடத்தின் அடையாளம் தெரியாதபடி வெட்டிவிட்டுப் போடுங்கள். வேட்டைக்காரர்களும் இணையத்தில் இருக்கிறார்கள்.